எண்ணெய் டின்னில் மேடை விளக்கு

எங்கள் ஊர் நாடகக் குழுவுக்காக ஆறு மேடை விளக்குகளும், அவற்றின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு டிம்மர் பலகையும் செய்தோம். விளக்கின் உடம்பு 15 கிலோ எண்ணெய் டின். உள்ளே 200 வாட் குண்டு பல்பு. கோயில் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா என்று சில மேடைகளைப் பார்த்துவிட்டு இன்னும் நன்றாகத்தான் எரிகின்றன. கையில் அதிகம் காசு இல்லாத, ஆனால் கைவேலைக்கு ஆள் இருக்கிற குழுக்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். நான் எலக்ட்ரீஷியன் இல்லை, தையல் மிஷின் பழுது பார்ப்பவன். தகரம், ஸ்க்ரூ, போல்ட் வேலை என்னுடையது. மின்சார வேலை முழுவதையும் எங்கள் நாடகங்களில் வில்லனாக வருகிற வயர்மேன் அண்ணன் பார்த்துக்கொண்டார். லைசென்ஸ் உள்ளவர். இதைப் படித்துவிட்டுச் செய்யப்போகிறவர்களும் அப்படி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். 230 வோல்ட் விளையாட்டில்லை.

எங்கள் பக்கத்தில் ஆசைக்கு நாடகம் போடுவது புதிய சங்கதி இல்லை. பாபநாசம் வட்டத்தில்தான் மெலட்டூர் இருக்கிறது. வருஷா வருஷம் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி அங்கே பாகவத மேளா நடக்கும். வெளியூர்களில் வேலை பார்க்கிறவர்கள் லீவு போட்டுவிட்டு வந்து, ராத்திரி முழுக்க வேஷம் கட்டி ஆடுவார்கள். பெண் வேஷமும் ஆண்களே. மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரியின் தெலுங்கு நாடகங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருகிறார்கள். எங்களுக்கு அந்த மாதிரிப் பரம்பரை ஏதும் கிடையாது. பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவர், இரண்டு டீச்சர்கள், மளிகைக் கடைக்காரர், கல்லூரிப் பையன்கள், அப்புறம் நான். கடை அடைத்த பிறகு ஒத்திகை. வசனம் மறந்தால் டீ வாங்கித் தர வேண்டும் என்பது சட்டம்.

தொழில் நாடகக்காரர்கள் இல்லை என்பதால் எதையும் அரைகுறையாகச் செய்துவிட்டுப் போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையை ஆரம்பித்தார். அதில் இருந்தவர்களும் பகலில் வேறு உத்தியோகம் பார்த்தவர்கள்தான். அவரே வக்கீல், பிற்பாடு சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதி. நேரம் தவறாமல் ஒத்திகை, ஒழுங்கான மேடை என்று அவர்கள் பிடிவாதமாக இருந்ததால்தான் படித்த குடும்பத்து ஆட்களும் நாடகத்தில் நடிக்கலாம் என்று ஊர் ஒப்புக்கொண்டது.

சரி, விளக்குக்கு வருகிறேன்.

சமுதாயக் கூட மேடையில் வழக்கமாக இருப்பது உச்சியில் இரண்டு டியூப்லைட். தலைக்கு மேலிருந்து விழும் வெளிச்சத்தில் நெற்றியும் மூக்கும் பளிச்சென்று தெரியும், கண் இருக்கிற இடம் குழியாக இருட்டியிருக்கும். பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு யார் பேசுகிறார்கள் என்பதே பிடிபடாது. கல்யாண மண்டபம் என்றால் பந்தல்காரர் இரண்டு எல்.ஈ.டி ஃபோகஸ் லைட்டைக் கொண்டுவந்து மேடைக்கு நேர் எதிரே கட்டுவார். முகம் தெரியும். ஆனால் எல்லா முகமும் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி தட்டையாக இருக்கும். பின்னால் படுதாவில் ஒவ்வொருவருக்கும் ஒரு கறுப்பு நிழல் கூடவே நடிக்கும். மலிவான வெள்ளை எல்.ஈ.டியில் சிவப்பு குறைவு என்பதால், மேக்கப் அக்கா பார்த்துப் பார்த்துப் போட்ட கன்னச் சிவப்பு செத்துப்போன நிறத்தில் தெரியும்.

வாடகைக்கு நல்ல மேடை விளக்கு கிடைக்காமல் இல்லை. தஞ்சாவூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வர வேண்டும். அந்த வாடகையில் நாங்கள் இரண்டு நாடகம் போட்டுவிடுவோம். அதோடு, விளக்கு நிகழ்ச்சியன்று சாயங்காலம்தான் வந்து இறங்கும். ஒத்திகையில் விளக்கு இல்லாமல் நிகழ்ச்சியில் மட்டும் விளக்கு போட்டால் நடிகருக்கு எங்கே நிற்பதென்றே தெரியாது. சொந்தமாக இருந்தால்தான் ஒத்திகைக்கும் போட்டுப் பார்க்க முடியும். எங்களை இந்த வேலையில் இறக்கிவிட்டது இதுதான்.

டின் ஹோட்டலில் கிடைக்கும். பழைய இரும்புக் கடையிலும் கிடைக்கும். வாங்கியதும் முதல் வேலை கழுவுவது. சோப்புத்தூள் போட்ட கொதிநீரை ஊற்றிக் குலுக்கி, மூலை மடிப்புகளைப் பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். மடிப்பில் எண்ணெய் தங்கினால் பல்பு சூட்டில் புகையும். எவ்வளவு கழுவினாலும் முதல் தடவை எரியவிடும்போது பஜ்ஜிக் கடை வாசனை வரும், அதனால் அதைத் திறந்த வெளியில் வைத்துத் தீர்த்துவிடுங்கள்.

வாய் இருக்கிற மேல் சதுரத்தைத் தகரக் கத்திரியால் முழுக்க வெட்டி எடுத்துவிடுகிறோம். ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, அதைக் கட்டிங் பிளேயரால் உள்பக்கம் மடித்துத் தட்டிவிட வேண்டும். மடிக்காத தகர விளிம்பு பிளேடுக்குச் சமம், இருட்டில் கம்பத்தில் ஏறி விளக்கைத் திருப்புகிறவன் கை போய்விடும். இப்போது டின்னைப் படுக்க வைத்தால் அது ஒன்றரைச் சாண் ஆழத்துக்கு ஒரு சதுரக் குழாய். அடிப்பக்கத்தின் நடுவில் ஹோல்டரை மாட்டினால் பல்பு உள்ளே படுத்தவாக்கில் நிற்கும். சிலர் அகலமான பக்கவாட்டை வெட்டுகிறார்கள். வெளிச்சம் எங்கும் பரவும் என்பது உண்மைதான், ஆனால் பார்ப்பவர்கள் மேலும் படுதா மேலும் சேர்ந்து பரவும். ஆழமான டின்னில் வெளிச்சம் ஓரளவு கட்டுப்பட்டு, வேண்டிய இடத்தில் விழும்.

ஹோல்டர் பீங்கானாக இருக்கட்டும். சாதாரண பேக்கலைட் ஹோல்டர் 200 வாட் சூட்டில் கறுத்து, வெடிப்பு விட்டு, ஒருநாள் பல்போடு சேர்ந்து கழன்று விழும். ஹோல்டருக்குள் போகும் ஒயரின் கடைசி நாலு விரற்கடை நீளத்துக்கு, சூடு தாங்கும் கண்ணாடி இழை ஸ்லீவ் போட வேண்டும். அயர்ன் பாக்ஸ் ரிப்பேர் கடையில் கிடைக்கும்.

அப்புறம் காற்று. பல்புக்கு நேர் மேலே வரிசையாகத் துளை, கீழ்ப் பக்கத்திலும் துளை. உள்ளே ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, வெளியிலிருந்து ஆணியால் அடித்தால் தகரம் நசுங்காமல் துளை விழும். மேல் துளை வழியாகச் சூட்டோடு வெளிச்சமும் கசியும் அல்லவா? வெட்டி எடுத்த சதுரத் தகரத்திலிருந்து ஒரு பட்டையை நறுக்கி, துளைகளுக்கு மேல் ஒரு விரல் இடைவெளி விட்டுக் கூரையாக ரிவெட் அடித்தோம். காற்று போகும், வெளிச்சம் தடுக்கப்படும். வெளிப்பக்கம் முழுக்க மங்கலான கறுப்பு பெயின்ட். உள்பக்கத்தில் பெயின்ட் கூடாது, அந்தப் பளபளப்புதான் நமக்குப் பிரதிபலிப்பான்.

தூக்கி மாட்ட ஓர் அங்குலப் பட்டை இரும்பை ‘ப’ வடிவில் வளைத்து இரண்டு பக்கமும் போல்ட், விங் நட். டின் தகரம் மெல்லிசு, போல்ட் இறுக்கினால் கிழியும். உள்பக்கம் தீப்பெட்டி அளவுக்கு ஓர் இரும்புத் துண்டு கொடுத்துதான் இறுக்க வேண்டும். வாய்ப்பக்கம் கோழி வலையை வெட்டிக் கட்டிவிட்டோம். பல்பு வெடித்தால் கண்ணாடி யார் தலையிலும் விழக்கூடாது. சூடான பல்பின் மேல் நாலு தூறல் பட்டாலே போதும், வெடித்துவிடும்.

எர்த் பற்றி வயர்மேன் அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உடம்பு முழுக்க உலோகம், உள்ளே 230 வோல்ட். பெயின்டைச் சுரண்டி, வெறும் தகரம் தெரிகிற இடத்தில் லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்துப் போல்ட் முடுக்கி, பச்சை ஒயரை அதில் இணைக்க வேண்டும். மூன்று கோர் ஒயர், மூன்று பின் பிளக். இதில் விட்டுக்கொடுக்கிறவர்களுக்கு விளக்கு செய்யும் யோக்கியதை இல்லை என்பது அவர் கட்சி. பலகைக்கு முன்னால், கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மாட்டச் செய்தார். எங்கள் செலவில் கூடுதலாகப் போனது அதுதான், அதற்காக யாரும் வருத்தப்படவில்லை.

குண்டு பல்பு இந்தக் காலத்தில் எங்கே என்று கேட்பீர்கள். கோழிக்குஞ்சுக்குச் சூடு கொடுக்கப் பண்ணைக்காரர்கள் இன்னும் வாங்குகிறார்கள், அதனால் எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். 200 வாட் பல்பு ஏறக்குறைய 3,000 லூமன் தரும். 30 வாட் எல்.ஈ.டியிலும் அந்த அளவு வந்துவிடும். ஆனாலும் குண்டு பல்பைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இரண்டு காரணம். ஒன்று, தோல் நிறமும் துணி நிறமும் அதில் உயிரோடு இருக்கும். இரண்டு, அதைச் சீராகக் குறைக்கலாம். கடையில் கிடைக்கும் சாதாரண எல்.ஈ.டி ஃபோகஸ் லைட்டை டிம்மரில் மாட்டினால், பாதி வரை எதுவும் நடக்காது, அப்புறம் படபடவென்று அடித்து, சட்டென்று செத்துப்போகும். குண்டு பல்பு அடங்குவதோடு செம்மஞ்சளாகவும் ஆகும். அந்தி நேரக் காட்சிக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, குமிழை மெதுவாகத் திருப்பினால் பொழுது தானாகவே சாய்கிறது.

டிம்மருக்கு இரண்டு வழி இருந்தது. கரண்டை வெட்டித் திறக்கும் டிரயாக், அதைத் தூண்டும் டயாக், கண்டன்சர் எல்லாம் வாங்கி நாமே பலகை செய்வது ஒன்று. அப்படிச் செய்கிறவர்கள் டிரயாக்கில் பிடிஏ16 மாதிரி உலோக முதுகு தனிமைப்படுத்தப்பட்டதை வாங்குங்கள். எல்லாக் கடையிலும் கிடைக்கும் பிடி136இல் அந்த முதுகிலும் கரண்ட் இருக்கும், சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் சிங்க் தகட்டைத் தொட்டால் ஷாக்தான். நாங்கள் எடுத்தது சுலபமான வழி. ஸ்விட்ச் பெட்டியில் மாட்டுகிற ரெடிமேட் குமிழ் டிம்மர், 400 வாட் என்று போட்டிருக்கும். ஒன்றுக்கு ஒரு விளக்கு வீதம் ஆறு. போட்டிருக்கும் அளவில் பாதிதான் ஏற்றுகிறோம், அதனால் மூன்று மணி நேர நாடகத்திலும் கை பொறுக்கும் சூட்டிலேயே இருக்கிறது. ஃபேன் ரெகுலேட்டரை வைத்துப் பார்க்கலாமே என்று மளிகைக் கடைக்காரர் கேட்டார். இப்போதைய படிப்படி ரெகுலேட்டரில் இருப்பது கண்டன்சர். பல்புக்கு அது ஒத்துவராது.

ஆறு விளக்குக்கு மொத்தம் 1,200 வாட், அதாவது ஐந்தேகால் ஆம்பியர் போல. சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் விளிம்பில் நிற்கும். அதனால் 16 ஆம்பியர் பிளக், மெயினுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், ஒவ்வொரு விளக்குக்கும் 1.5. கோயில் திடலில் போடும்போது கோயில் மீட்டரிலிருந்து முறையாகத்தான் எடுக்கிறோம். கம்பத்தில் கொக்கி போடுகிற வேலை கிடையாது.

இதைச் செய்துகொண்டிருந்தபோது வயதான மேடைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ‘இதுக்கெல்லாம் எதுக்குய்யா டிம்மர், ஒரு சாடி உப்புத் தண்ணி போதுமே’ என்றார். பீங்கான் சாடியில் உப்புத் தண்ணீர், அடியில் ஒரு தகடு, மேலே கயிற்றில் தொங்கும் இன்னொரு தகடு. மேல் தகட்டை இறக்க இறக்க வெளிச்சம் கூடும், தூக்கினால் குறையும். உப்பைக் கூட்டினால் கரண்ட் அதிகம் பாயும். பழைய செட் ஆட்கள் பலர் இதில்தான் அஸ்தமனமும் உதயமும் காட்டியிருக்கிறார்கள். வேலை செய்யும், சந்தேகமில்லை. ஆனால் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் கொதிக்க ஆரம்பிக்கும், சாடி முழுக்க லைன் கரண்ட், பக்கத்தில் வேஷம் கட்டிய பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது என்று யாரும் செய்து பார்த்துவிடாதீர்கள்.

விளக்கு செய்வது பாதி வேலைதான். மீதி, எங்கே கட்டுவது என்பது. என்னைக் கேட்டால் வாட்டைவிடக் கோணம்தான் முக்கியம். முகத்துக்கு மேலிருந்து சாய்வாக, பக்கவாட்டிலும் சாய்வாக, இரண்டு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வர வேண்டும். 45 டிகிரி என்று புத்தகங்களில் போட்டிருக்கும். நம் திடலில் அது எப்படி வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். மேடை 3 அடி, நிற்கிறவரின் முகம் மேடையிலிருந்து 5 அடி, ஆகத் தரையிலிருந்து 8 அடி. பந்தல்காரரிடம் வாங்கிய சவுக்குக் கம்பத்தில் விளக்கு 14 அடியில் நிற்கிறது. முகத்துக்கும் விளக்குக்கும் உயர வித்தியாசம் 6 அடி. 45 டிகிரி வேண்டுமானால் கம்பமும் நடிகரிலிருந்து 6 அடியில் இருக்க வேண்டும். அங்கே நட்டால் முன்வரிசைக்குக் கம்பம்தான் நாடகம். 10 அடி தள்ளி, மேடையின் இரண்டு மூலைக்கும் வெளியே நட்டோம். கோணம் 31 டிகிரிக்கு வந்தது. கண் குழி மறைந்து, மூக்கு நிழல் கன்னத்தில் சின்னதாக விழுந்தது, முகத்துக்கு ஒரு வடிவம் வந்தது. போதும். இன்னும் தள்ளிப் போனால் கோணமும் படுத்துவிடும், வெளிச்சமும் போய்விடும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்குதான்.

கம்பத்துக்கு இரண்டு விளக்கு வீதம் முன்னால் நான்கு. மீதி இரண்டும் மேடைக்குப் பின்னால், படுதாவுக்கு மேலே மூங்கிலில், நடிகரின் தலைக்கும் தோளுக்கும் விழுகிறபடி. இந்தப் பின்விளக்கு எதற்கு, யார் முதுகைப் பார்க்கப்போகிறார்கள் என்று முதலில் எல்லோரும் கேட்டார்கள். போட்டுக் காட்டியதும் யாரும் பேசவில்லை. கறுப்புப் படுதாவுக்கு முன்னால் கறுப்புத் தலைமுடி தனியாகப் பிரிந்து தெரிவது அந்த விளக்கால்தான். கூடவே ஒரு விதி: படுதாவிலிருந்து 5 அடிக்குள் யாரும் நிற்கக் கூடாது. மேடையில் சாக்பீஸில் கோடு போட்டிருக்கிறோம். நிழலில் பெரும்பகுதி தரையிலேயே விழுந்துவிடும், படுதாவில் அதிகம் ஏறாது.

விளக்கைக் கட்டக் கட்டுக்கம்பி. அதோடு, விங் நட் கழன்றாலும் விளக்கு கீழே வராதபடி இன்னொரு கம்பி, தளர்வாக. நைலான் கயிறு வேண்டாம், சூட்டில் உருகும்.

கலர் தாள் விஷயத்தில் ஊர்க்கடை உதவாது. பரிசுப்பொருள் சுற்றுகிற கலர் கண்ணாடித் தாள் 200 வாட்டுக்கு முன்னால் சில நிமிஷத்தில் சுருண்டு ஓட்டை விழும். மேடை விளக்குக்கென்றே விற்கும் தாள்தான் நிற்கும். வெட்டிய தகரப் பட்டையை மடித்து டின் வாயில் ஒரு தவாளிப்பு வைத்துவிட்டால் தாளை அட்டைச் சட்டத்தில் ஒட்டிச் செருகிக்கொள்ளலாம். இளமஞ்சளும் லேசான ஆரஞ்சும் அழகாக வருகின்றன. நீலம்தான் வராது. குண்டு பல்பின் வெளிச்சத்தில் நீலமே கொஞ்சம்தான், அடர் நீலத் தாள் போட்டால் மிச்சம் ஒன்றும் இருக்காது. ராத்திரிக் காட்சிக்கு அதனால் கடையில் கிடைக்கும் நீல எல்.ஈ.டி ஃபோகஸ் ஒன்றைப் பக்கவாட்டில் வைத்துவிட்டோம், டிம்மர் இல்லாமல் வெறும் ஸ்விட்ச். முகத்துக்கு ஒரு பக்க டின் விளக்கு மட்டும், கால் பங்கு வெளிச்சத்தில். ராத்திரி என்றால் இருட்டடிக்க வேண்டும் என்று டைரக்டர் அடம்பிடித்தார். எங்கள் திடலில் தெருவிளக்கு இருக்கிறது, முழு இருட்டு எப்படியும் கிடையாது. தவிர, முகம் தெரியாத இடத்தில் வசனமும் காதில் ஏறுவதில்லை. நீலம் ராத்திரி என்று சொல்லிவிடும், மஞ்சள் முகத்தைக் காட்டிவிடும். பார்க்கிறவர்கள் இரண்டையும் சேர்த்து ஒப்புக்கொள்கிறார்கள்.

முழு இருட்டு இல்லாததால் காட்சி மாற்றத்தையும் வேறு மாதிரிதான் செய்ய வேண்டியிருந்தது. வீடு இடப்பக்கம், டீக்கடை வலப்பக்கம், இரண்டும் மேடையில் எப்போதும் இருக்கும். இடப்பக்க விளக்கு தாழும்போதே வலப்பக்கம் மெதுவாக ஏறும். படுதா இழுக்கிற வேலையே இல்லை. பெஞ்ச் தூக்குகிற பையன்களுக்கு இதில் பெரிய நிம்மதி.

இனி, ஸ்பீக்கரில் வந்த ஒரு ஙொய் சத்தத்தின் கதை. முதன்முதலாக ஆர்மோனியமும் மைக்கும் விளக்கும் சேர்ந்து ஒத்திகை நடந்தது. விளக்கைப் பாதிக்குக் குறைத்ததும் ஸ்பீக்கரில் ஙொய்ய்ய் என்று பிடித்துக்கொண்டது. முழு வெளிச்சத்தில் இல்லை, முழுக்க அணைத்தாலும் இல்லை. பாதியில் மட்டும். மைக்செட்காரர் எங்கள் டின்னையும் எங்கள் பரம்பரையையும் சேர்த்துத் திட்டினார். காரணம் டிம்மர் வேலை செய்கிற விதம். ஒரு நொடிக்கு நூறு தடவை வருகிற மின் அரை அலையின் முன்பாதியை வெட்டிவிட்டு, நடுவில் சடாரென்று திறக்கிறது. அந்தச் சடார்தான் பக்கத்து ஒயரில் ஏறி சத்தமாகக் கேட்கிறது. பல்புக்கு அருகே காதை வைத்தால் இழையும் அதே சுருதியில் மெல்லிசாகப் பாடுவது கேட்கும்.

மைக் ஒயரும் விளக்கு ஒயரும் மேடை ஓரமாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே ஓடியிருந்தன. மைக் ஒயரை மேடையின் மறுபக்கமாகத் திருப்பிவிட்டதும் சத்தம் வெகுவாக அடங்கியது. ஒன்றையொன்று தாண்டித்தான் ஆக வேண்டும் என்ற இடத்தில் நேர்க்குறுக்காகத் தாண்டவிட்டோம். ஆம்ப்ளிஃபயருக்கும் டிம்மருக்கும் வேறு வேறு பிளக், முடிந்தால் வேறு ஃபேஸ். ஆர்மோனியத்துக்கு வைத்திருந்த பழைய மைக் ஒயரை மாற்றி, மூன்று முனை உள்ள ஒயர் போட்டதும் மிச்சமும் போனது. அதற்கு மேலும் லேசாக ஒன்று இருக்கிறது என்று மைக்செட்காரர் சொல்கிறார். எனக்குக் கேட்கவில்லை. பாட்டு வருகிற காட்சிகளில் எல்லா விளக்கையும் முழுதாக வைத்துவிடுகிறோம், சண்டை வேண்டாமே.

பலகையை இயக்குவது கல்லூரியில் படிக்கிற ஒரு பெண். அவளிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. இடப்பக்கம் வசனத்தின் கடைசிச் சொல், வலப்பக்கம் எந்தக் குமிழ், எவ்வளவு, எத்தனை எண்ணுவதற்குள் என்று எழுதியிருப்பாள். ‘“போயிட்டு வரேம்மா” – 1, 2 கீழே, எட்டு எண்ணி.’ நடிகர் வசனத்தை மாற்றிச் சொன்னால் விளக்கும் தப்பும் என்பதால், எங்கள் ஆட்கள் வசனத்தை எழுதியபடி சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். டைரக்டர் வருஷக்கணக்கில் கத்தியும் நடக்காதது இது. அவள் பார்த்துக்கொள்ளும் இன்னொன்று, காட்சி தொடங்கும் முன்பே குமிழை லேசாகத் திருப்பி இழை மட்டும் சிவக்கும்படி வைப்பது. குளிர்ந்த இழையின் மின்தடை, எரிகிற இழையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. ஒரேயடியாகப் போட்டால் பெரிய கரண்ட் பாய்ந்து பல்பு போகும், டிம்மரும் போகலாம். சூடேற்றி வைக்கத் தொடங்கியதிலிருந்து பல்புச் செலவு குறைந்திருக்கிறது.

சாயங்கால வோல்ட்டேஜ் தனிக் கதை. 230க்குப் பதில் 200 வந்தால் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இறங்கிவிடும். அதனால் பாட்டுக் காட்சிகளைத் தவிர, ஒத்திகையில் எந்தக் காட்சியையும் முழு அளவுக்கு வைப்பதில்லை. முக்கால் அளவில் அமைத்து வைத்தால், வோல்ட்டேஜ் இறங்கும் நாளில் ஏற்றிக்கொள்ள இடம் இருக்கும். மழைக்காலத்தில் ஈசல் வேறு. உயரத்தில் பளிச்சென்று எரிகிற ஆறு விளக்குகள் ஊரிலுள்ள ஈசல் அத்தனையையும் கூப்பிடும். கதாநாயகனின் உருக்கமான வசனத்துக்கு நடுவில் வாய்க்குள் ஒன்று போனது. விழுங்கிவிட்டுத் தொடர்ந்தான், அந்தக் கைதட்டல் எதற்கு என்று அவனுக்குத் தெரியும். அடைமழை மாதங்களில் திடலில் போடுவதில்லை என்று அதற்குப் பிறகு முடிவானது.

இவ்வளவு பாடு எதற்கு, நாடகத்துக்கு நடிகன் உடம்பும் குரலும் போதாதா என்று கேட்கிறவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். 1980இல் வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார், சென்னைக்குப் பக்கத்தில் ஓவியர்கள் வாழும் சோழமண்டலத்தில் பட்டறை நடத்திய பிறகு, மேடையும் விளக்கும் இல்லாமல் தெருவில் இறங்கி நாடகம் போட்டவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். பகலில் சந்தைத் தெருவில் நாங்களும் போட்டிருக்கிறோம். ஆனால் வேலைக்குப் போகிற நாங்களும், வேலை முடித்து வருகிற ஜனங்களும் சந்திக்கிற நேரம் ராத்திரி எட்டு மணி. அந்த நேரத்துக்கு ஏதோ ஒரு விளக்கு எரியத்தான் வேண்டும். கூத்துக்காரர்களும் ஒரு காலத்தில் பந்தம் பிடித்தார்கள், அப்புறம் பெட்ரோமாக்ஸ் ஏற்றினார்கள். எதிர்முனையில் எங்கள் தாத்தா தலைமுறை நிற்கிறது. ஆர்.எஸ்.மனோகர் மேடையில் பார்த்த தந்திரக் காட்சிகளை இன்னும் சொல்லிக்கொண்டு, ‘ஏம்ப்பா, இடி மின்னல் எதுவும் கிடையாதா’ என்கிறது. மின்னல் மட்டும் செய்து கொடுத்தோம். டிம்மர் இல்லாத எல்.ஈ.டி ஃபோகஸை ஸ்விட்சில் படபடவென்று தட்டினால் அசல் மின்னல். அந்த மலிவு விளக்குக்கு இந்த வேலை நன்றாகவே பொருந்துகிறது.

பக்கத்து ஊரில் வள்ளி திருமணம் போடப்போகிறவர்கள் விளக்கைக் கேட்டிருக்கிறார்கள். கொடுப்போம், வயர்மேன் அண்ணனும் கூடப் போவார் என்ற நிபந்தனையோடு. பல்புகளைக் கழற்றி அதனதன் அட்டைப் பெட்டியில் போட்டு, பழைய வேட்டி சுற்றித்தான் அனுப்ப வேண்டும். டின்னுக்குள்ளேயே வைத்து டாடா ஏஸில் ஏற்றினால் மண் ரோட்டில் இழை அறுந்துவிடும். குண்டு பல்பு கிடைப்பது என்றைக்காவது நிற்கும் என்பதால், டிம் ஆகக்கூடிய டிரைவர் உள்ள எல்.ஈ.டியை ஒரு டின்னில் மட்டும் போட்டுப் பார்க்கும் எண்ணம் இருக்கிறது. அதற்கு முன்னால் மைக் வேலை ஒன்று நிற்கிறது. முன்மேடையில் வைத்திருக்கும் இரண்டு மைக்கையும் சுற்றியே எல்லோரும் நின்று பேசுவதால், விளக்குப் போட்ட மூலைகளுக்கு யாரும் போவதில்லை. மேலிருந்து தொங்கவிடலாமா என்று மைக்செட்காரரிடம் கேட்க வேண்டும். யார் கேட்பது என்பதில்தான் இழுபறி.